பதினைந்து நாள் தவணை

பதினைந்து நாள் பொறுத்து, நன்றாக யோசித்து, பிறகு வந்து முடிவு சொல்லும்படி கவர்னர் கேட்டுக்கொண்டார். பாதிரியாரிடம் மதிப்பும் அன்பும் கொண்டவர் அந்தக் கவர்னர். அவர் நன்றாக வாழவேண்டும், செல்வம் சேர்க்கவேண்டும் என்று விரும்பியவர். ஆகவேதான் தவணை கொடுத்தார். பாதிரியாரோ, அந்தப் பதினைந்து நாளும் கழிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்திலேயே விடை கூறிவிட்டார். 1514-ஆம் ஆண்டு, கியூபாத் தீவிலே நடைபெற்ற உரையாடல் இது. எதைப் பற்றி? மோட்சத்தைப் பற்றியா? மூவொரு கடவுள் தத்துவத்தைப் பற்றியா? இல்லை. ஆட்களைப் பற்றி! சுரங்கத்திலே பொன் அரிக்கவும், வயலிலே பாடுபடவும் பாதிரியாருக்கென்று ஒப்படைக்கப்பட்டிருந்த ஆட்கள். அவர்களை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க வந்திருந்தார் அவர். வேண்டும் என்று கேட்டு வருவோரை மட்டுமே கண்டிருந்த கவர்னர் திகைத்துப் போனதிலே வியப்பில்லை.

பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்பது அந்தப் பாதிரியாரின் பெயர். இந்தியர்களின் பாதுகாவலர் என்று பட்டம் பெற்றவர். இந்தியர் என்றதும் நம்மவரை எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டைத் தேடிக் கப்பலேறி, வழியிலே குறுக்கிட்ட தீவுகளிலே போய் இறங்கிய கொலம்பஸ், தாம் வந்து சேர்ந்தது இந்தியாவின் ஓரம்தான் என்று நம்பி, அங்கே வாழ்ந்த மக்களுக்கு இந்தியர் என்று பெயர் சூட்டிவிட்டார். பெயர் நம்முடையது, பட்ட பாடு அவர்களுடையது.

லாஸ் காசாஸ் பிறந்தது 1484-இல், ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரிலே. தந்தை ஒரு வணிகர். 1493-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, முதற்பயணம் முடித்துத் திரும்பிய கொலம்பஸ் செவில் நகருக்குள் நுழைந்தபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்திலே சிறுவன் பார்த்தலோமேயும் நின்றான். பச்சைக் கிளிகளைக் கண்டான். பொன் நகைகளைக் கண்டான். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஏழு மனிதர்களையும் கண்டான். கிளியும் பொன்னும் மனிதரும் ஒரே வரிசையிலே காட்சிப் பொருள்கள்! அதே ஆண்டு கொலம்பசின் இரண்டாம் பயணத்திலே தந்தை கப்பலேறினார். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய அவர், மகனுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். ஓர் இந்தியப் பையன்! தன்னுடைய கப்பலிலே வந்தவர்களுக்கு ஆளுக்கொரு அடிமை என்று கொலம்பஸ் வழங்கியிருந்தார். தன்னுடைய குடிகளை அடிமைகளாக வழங்க இவர் யார் என்று இசபெல்லா ராணி சினந்து, 1500-இல் அவர்களைத் திருப்பியனுப்பக் கட்டளையிட்டார். ஒருவனைச் சொந்தமாக வைத்திருப்பதும், பிறகு அவனைத் திருப்பிக் கொடுப்பதும் லாஸ் காசாசின் வாழ்விலே இளமையிலேயே ஒருமுறை நடந்துவிட்ட ஒத்திகை. ஆனால் அப்போது கொடுக்கவைத்தது ராணியின் கட்டளை. உள்ளம் கட்டளையிட இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

1502-இல் அவரே கப்பலேறினார். புதிய கவர்னர் ஒவாந்தோவுடன் ஏறத்தாழ 2500 பேர், சுமார் 30 கப்பல்களிலே, ஹிஸ்பானியோலா தீவுக்குப் புறப்பட்டனர். ஹெய்தி என்றும் தொமினிக்கக் குடியரசு என்றும் இன்று இரு நாடுகளாக இருக்கும் தீவு அது. கப்பல் கரையை நெருங்கியதும், அங்கே முன்பே குடியேறியிருந்தவர்கள் கூவி இரண்டு நல்ல செய்திகளை அறிவித்தனர். ஒன்று, பெரிய பொற்கட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது. மற்றொன்று, ஒரு பகுதியிலே இந்தியர்கள் கலகம் செய்திருக்கிறார்கள். கலகம் எப்படி நல்ல செய்தியாகும்? கலகம் செய்தவனைப் பிடித்து அடிமையாக்கலாம் அல்லவா! இரண்டுமே வரும்படிக்கு வழி. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்களோடு நின்றவர்தான் நம் லாஸ் காசாசும். பின்னாளிலே இதை எழுதிவைத்தவரும் அவரே.

அந்தத் தீவுகளிலே ஓர் ஏற்பாடு இருந்தது. என்கோமியெந்தா என்று பெயர். ஒப்படைப்பு என்று பொருள் கொள்ளலாம். குடியேறிய ஸ்பானியனுக்கு இத்தனை இந்தியர் என்று அரசாங்கம் ஒப்படைக்கும். அவர்கள் அவனுக்கு உழைக்கவேண்டும். அவன் அவர்களுக்குக் கிறிஸ்துவ மார்க்கத்தைப் போதிக்கவேண்டும், காப்பாற்ற வேண்டும். ஏட்டிலே பாருங்கள், எவ்வளவு புண்ணியமான ஏற்பாடு! அடிமை என்ற சொல்லே அதிலே இல்லை. உடலுக்கு வேலை, ஆத்மாவுக்கு மோட்சம்! நடைமுறையிலே என்ன கண்டோம்? ஆண்கள் மாதக்கணக்கில் சுரங்கத்திலே; பெண்கள் மரவள்ளிக் கிழங்குக் கொல்லையிலே; பால் வற்றிய தாயின் மடியிலே பிள்ளை சாகும்; சுரங்கத்திலிருந்து திரும்புகிறவன் வழியிலே விழுந்து கிடப்பான். ஐரோப்பாவிலிருந்து வந்த நோய்கள் மிச்சமிருந்தோரை வாரிக்கொண்டு போயின. ஜெபம் கற்றுக்கொடுக்க எவனுக்கும் நேரமில்லை. ஆனால் கற்றுக்கொடுப்பதற்காகத்தான் ஆட்களை வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் நேரம் இருந்தது.

லாஸ் காசாசுக்கும் நிலம் கிடைத்தது, ஆட்களும் கிடைத்தனர். குருப்பட்டம் பெற்றார், 1510 வாக்கிலே தமது முதற்பூசையை அந்தத் தீவிலேயே நிறைவேற்றினார். ஆட்களை விடவில்லை. காலையிலே பூசை, பிறகு பண்ணைக் கணக்கு. பொருந்தாத இரண்டு என்று அவருக்கும் தோன்றவில்லை, அவர் கையால் நற்கருணை வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை.

தோன்றியவர்கள் வேறு சிலர். 1510-இல் சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தனர். தோமினிக்கர் என்று மேலைநாட்டார் அழைக்கும் சபை. வைக்கோல் வேய்ந்த குடிசையிலே தங்கி, கிழங்கும் கீரையும் உண்டு வாழ்ந்த அந்தத் துறவிகள் ஓராண்டுக் காலம் கண்ணால் பார்த்தனர், காதால் கேட்டனர். பிறகு கூடிப் பேசி ஒரு பிரசங்கம் எழுதினர். அத்தனை பேரும் அதிலே கையொப்பமிட்டனர். பேசும் பொறுப்பை அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்பவரிடம் தந்தனர். 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சாந்தோ தொமிங்கோ நகரத்துக் கோயில் நிரம்பியிருந்தது. கொலம்பசின் மகன் தியேகோ கொலம்பசே முன்வரிசையில். தீவின் பெரும்புள்ளிகள் அனைவரும் வந்து உட்காரும்படி முன்கூட்டியே அழைப்பும் போயிருந்தது. அந்தச் சபையிலே மொந்தேசினோஸ் எழுந்து, இந்த மக்களை வதைக்கும் நீங்கள் அனைவரும் சாவான பாவத்திலே இருக்கிறீர்கள், இவர்களும் மனிதர் அல்லவா, எந்த உரிமையாலே இவர்களை இப்படி நடத்துகிறீர்கள் என்ற கருத்திலே முழங்கினார். இந்த நிலையிலே நீடிக்கும்வரை உங்களுக்கு இரட்சண்யம் இல்லை என்றும் அடித்துச் சொன்னார்.

கோயில் கலகலத்தது. பகல் உணவுக்குப் பிறகு கூட்டமாக மடத்துக்குப் போனார்கள். மன்னரின் ஆட்சியையே எதிர்க்கும் பிரசங்கம் இது, அடுத்த ஞாயிறு மாற்றிப் பேசியாக வேண்டும் என்று மிரட்டினார்கள். அடுத்த ஞாயிறும் வந்தது. சொன்னதைத் திரும்பப் பெறுவார் என்று ஊரே திரண்டது. மொந்தேசினோஸ் முன்னிலும் கடுமையாகப் பேசி, ஆட்களை விடாதவர்களுக்கு இனிப் பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டோம் என்றும் அறிவித்துவிட்டார்.

லாஸ் காசாஸ் அப்போது அதே தீவிலே இருந்தவர். உடனே மனம் மாறினார், ஆட்களை விட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அந்தத் துறவிகளிலே ஒருவரிடம் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். ஆட்களை வைத்திருக்கும் உமக்குப் பாவமன்னிப்பு தரமாட்டேன் என்று அந்தத் துறவி மறுத்துவிட்டார். படித்தவர் அல்லவா லாஸ் காசாஸ்? வாதாடினார். காரணங்களை அடுக்கினார். உண்மைக்கு எப்போதும் எதிரிகள் அதிகம், பொய்க்கோ துணைகள் அதிகம் என்ற பொருளிலே துறவி பதில் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். துறவியிடம் மதிப்பு வந்ததாம், ஆனால் ஆட்களை விடும் எண்ணம் வரவில்லையாம்! இதைச் சொல்பவர் பகைவரல்லர். லாஸ் காசாசே பிற்காலத்திலே தம்மைப் பற்றி மறைக்காமல் எழுதினார்.

பிறகு கியூபா. தியேகோ வெலாஸ்கெஸ் என்ற தளபதி அந்தத் தீவைப் பிடிக்கும் வேலையை 1511-இல் தொடங்கியிருந்தார். ஹிஸ்பானியோலாவிலிருந்து தப்பி வந்து, அங்கே மக்களைத் திரட்டி எதிர்த்து நின்ற ஹத்துவே என்ற தலைவனைப் பிடித்து, 1512-இல் கம்பத்திலே கட்டி எரித்தனர். நெருப்பு மூட்டுமுன் ஒரு துறவி அவனிடம் போய், ஞானஸ்நானம் பெற்றால் மோட்சம் போகலாம் என்றாராம். மோட்சத்துக்குக் கிறிஸ்துவர்களும் போகிறார்களா என்று அவன் கேட்டானாம். நல்லவர்கள் போவார்கள் என்று விடை வந்ததும், அப்படியானால் தனக்கு அந்த இடம் வேண்டாம், நரகமே போதும் என்று சொல்லிவிட்டானாம். லாஸ் காசாஸ் எழுதிவைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. ஒரு மதத்தைப் பற்றி மாற்றான் தரும் தீர்ப்பு, அந்த மதத்தாரின் வேதத்தைப் படித்து எழுதப்படுவதில்லை, அவர்கள் வாழ்வைப் பார்த்து எழுதப்படுகிறது.

அடுத்த ஆண்டு, நர்வாயெஸ் என்ற படைத்தலைவனோடு குருவாகச் சென்றார் லாஸ் காசாஸ். கயோனாவோ என்ற ஊர். வறண்ட ஓடையொன்றிலே கிடந்த கற்களைக் கண்டு, போகிற போக்கிலே சிப்பாய்கள் வாட்களைத் தீட்டிக்கொண்டனர். ஊர் மக்கள் மீனும் கிழங்கு ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டாயிரம் பேர் போல மைதானத்திலே குந்தி, முன்பின் கண்டிராத குதிரைகளை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தனர். திடீரென்று ஒருவன் வாளை உருவினான். ஏன் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. மற்றவர்களும் உருவினர். குந்தியிருந்தவர்கள் குந்தியபடியே வெட்டுண்டனர். லாஸ் காசாஸ் ஓடினார், கத்தினார், சிலரைக் காப்பாற்றினார், குற்றுயிராய்க் கிடந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்த நர்வாயெஸ், நம் ஆட்களின் வேலை எப்படி என்று கேட்க, உம்மையும் அவர்களையும் பேய்க்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று சீறினார் பாதிரியார்.

அவ்வளவு சீறியவர், அதற்குப் பிறகு என்ன செய்தார்? அரிமாவோ ஆற்றங்கரையிலே கவர்னர் வெலாஸ்கெஸ் வழங்கிய நிலத்தையும் ஆட்களையும் பெற்றுக்கொண்டார்! ரெந்தெரியா என்ற நண்பரோடு கூட்டு. நண்பர் பெரும்பாலும் ஜெபத்திலே இருப்பவர்; ஆகவே பண்ணையை நடத்தியது, ஆட்களைச் சுரங்கத்துக்கு அனுப்பியது, கணக்குப் பார்த்தது எல்லாம் பாதிரியாரே. கெட்டிக்காரர், பண்ணை கொழித்தது.

இந்த இடத்திலே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. கொலையைக் கண்டு கொதித்தவன், கொலையால் கிடைத்த நிலத்தை எப்படி வாங்கினான்? பாசாங்கு என்று சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் அவர் பாசாங்குக்காரர் அல்லர். கொடுமை வேறு, ஏற்பாடு வேறு என்று எண்ணியிருந்தார். வெட்டுகிறவன் கெட்டவன், நான் வெட்டுவதில்லை, என் ஆட்களுக்கு வயிறாரச் சோறு போடுகிறேன், அடிப்பதில்லை, ஆகவே நான் நல்ல எஜமான். ஊரும் அப்படியே சொன்னது. நல்ல எஜமான் என்ற பெயர் இருக்கிறதே, அது கெட்ட எஜமான் என்ற பெயரை விடப் பெரிய ஆபத்து. கெட்டவனை மனச்சாட்சி என்றேனும் ஒருநாள் தட்டும். நல்லவன் வீட்டுக் கதவைத் தட்ட அதற்குக் காரணமே இருப்பதில்லை.

ஆனாலும் தட்டியது. 1514, பெந்தகோஸ்து திருநாள். சாங்க்தி ஸ்பிரித்துஸ் என்ற புதுக் குடியேற்றத்திலே பூசை வைத்துப் பிரசங்கம் செய்யும் பொறுப்பு லாஸ் காசாசுக்கு வந்தது. என்ன பேசுவது என்று வேதத்தைப் புரட்டினார். சீராக் ஆகமத்தின் 34-ஆம் அதிகாரம் கண்ணிலே பட்டது. ஏழையிடம் பறித்ததைக் கொண்டுவந்து ஆண்டவனுக்குக் காணிக்கை வைப்பவனைப் பற்றிய பகுதி அது. அந்தக் காணிக்கையை ஆண்டவன் ஏற்பதில்லை என்பதும், உழைத்தவன் பிழைப்பைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதே என்பதும் அதன் கருத்து. எத்தனையோ முறை படித்த அதிகாரம்தான். பிறருக்குச் சொல்லப் படித்தவர், இம்முறை தமக்கே சொல்லப்பட்டதாகக் கண்டார். பூசைப்பீடத்திலே தாம் தூக்கிக் காட்டும் அப்பம் எவன் உழைப்பிலே விளைந்தது? மறுத்துவிட்டு எழுந்துபோன அந்தத் துறவியின் முகம் நினைவுக்கு வந்தது. சில நாள் அதே சிந்தனை. படித்த நூல்களையெல்லாம் மறுபடி புரட்டினார். இந்தத் தீவுகளிலே இந்தியர்களுக்கு இழைக்கப்படுவது அத்தனையும் அநீதி, கொடுங்கோன்மை என்ற முடிவுக்கு வந்தார். அத்தனையும் என்றால், நல்ல எஜமானின் பண்ணையும் சேர்த்துத்தான்.

அடுத்து வந்தது இன்னும் கடினமான கேள்வி. ஆட்களை விட்டுவிட்டால் அவர்கள் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விடுவார்களா? மாட்டார்கள். கவர்னர் அவர்களை அப்படியே வேறொருவனுக்குத் தூக்கிக் கொடுப்பார். அவன் சுரங்கத்திலே போட்டு வதைத்துக் கொல்லுவான். இது லாஸ் காசாசுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர்களுடைய நன்மைக்காகவே அவர்களை வைத்துக்கொள்ளலாமே! நாமாக இருந்தால் அந்த வாதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்போம். அதிலே உண்மையும் இருந்தது. அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் தாம் ஆட்களை வைத்துக்கொண்டு, ஆட்களை வைத்திருப்பது பாவம் என்று பிரசங்கம் செய்தால், உமது கையிலே இருப்பதை முதலிலே விடும் என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், வாய் அடைத்துப்போகும். அவருடைய பண்ணையிலிருந்த சிலருடைய நிழலைக் காக்க, இரண்டு தீவுகளிலும் வெயிலிலே வாடும் அத்தனை பேருக்காகவும் பேசும் நாவை அறுத்துக்கொள்வதா? விடுவது என்று துணிந்தார். அவர் விட்ட அந்த ஆட்கள் பிறகு பட்ட துன்பத்தை எண்ணினால், அந்தத் துணிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவரும் அதை அறிந்தே செய்தார். மனம் நிம்மதியடைந்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது.

கவர்னரிடம் போனார். தவணை வேண்டாம் என்றார். வெளியூர் போயிருந்த கூட்டாளி ரெந்தெரியா திரும்பும்வரை செய்தி வெளியே வரவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஆனால் ஆகஸ்டு 15, தேவமாதா திருநாளன்று பிரசங்க மேடையேறியவரால் அடக்க முடியவில்லை. கவர்னரைச் சாட்சிக்கு அழைத்து, தம் ஆட்களை விட்டுவிட்டதை அறிவித்து, நீங்களும் விடாவிட்டால் இரட்சண்யம் இல்லை என்றும் பேசினார். மாட்டை வண்டியிலே பூட்டுவது பாவம் என்று சொன்னால் எப்படி விழிப்பார்களோ அப்படி விழித்தார்களாம் கேட்டவர்கள். ஒருவரும் விடவில்லை.

ரெந்தெரியா கதை ஒரு சுவையான கதை. அவர் ஜமைக்காத் தீவுக்குப் போயிருந்தார். அங்கே ஒரு மடத்திலே தங்கியிருந்தபோது, இந்தியப் பிள்ளைகளுக்காவது பள்ளிகள் அமைத்து அவர்களைக் காப்பாற்ற மன்னரிடம் அனுமதி கேட்டுப் போகவேண்டும் என்று அவருக்கும் ஓர் எண்ணம் எழுந்தது. இங்கே இவர் ஒரு முடிவு, அங்கே அவர் ஒரு முடிவு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே! திரும்பி வந்து பேசினபோது இருவரும் வியந்தனர். மன்னரிடம் போவது இருவரிலே படித்தவரான லாஸ் காசாசே என்று தீர்மானித்தனர். ஜமைக்காவிலிருந்து ரெந்தெரியா வாங்கிவந்த சரக்கை விற்று வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார். வரலாறு அந்த நண்பரை அங்கேயே விட்டுவிட்டு மேலே நடக்கிறது. நாமும் அப்படித்தான் நடக்கவேண்டியிருக்கிறது.

1515 டிசம்பரிலே, பிளாசென்சியா என்ற ஊரிலே, நோயுற்றிருந்த பெர்தினாந்து மன்னரைக் கண்டார். மன்னர் கேட்டுக்கொண்டார், மறுமாதமே இறந்துபோனார். தீவுகளின் விவகாரத்தை நிர்வகித்தவர் பொன்சேகா என்ற மேற்றிராணியார். அவரிடம் போய், மூன்றே மாதத்திலே ஏழாயிரம் குழந்தைகள் செத்துப்போன சேதியைச் சொன்னார் லாஸ் காசாஸ். அதனால் எனக்கென்ன, மன்னருக்கென்ன என்று கேட்டாராம் அந்த மேற்றிராணியார். அவருக்கும் தீவுகளிலே ஆட்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தனர் என்பதைச் சொல்லிவிட்டால், கேள்விக்குப் பொருள் விளங்கிவிடும். மன்னருக்குப் பின் ஆட்சிப்பொறுப்பேற்ற கர்தினால் சிஸ்னெரோஸ் செவிகொடுத்தார். 1516-இல் இந்தியர்களின் பாதுகாவலர் என்ற பட்டம் லாஸ் காசாசுக்கு வழங்கப்பட்டது.

அந்த ஆண்டிலேயே அவர் ஒரு பெருந்தவறும் செய்தார். அவரைப் போற்றுவோர் இதை விழுங்கிவிடுவர். தூற்றுவோர் இதை மட்டுமே சொல்வர். இந்தியர்கள் சாகாமலிருக்க வழி என்ன என்று அரசுக்கு அவர் எழுதிக்கொடுத்த திட்டங்களிலே, அவர்களுக்குப் பதிலாக வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவர அனுமதிக்கலாம் என்பதும் ஒன்று. ஆப்பிரிக்க நீக்ரோ அடிமைகள்! 1518-இலும் அதையே சொன்னார். அதே ஆண்டு, இளம் மன்னர் சார்லஸ், தம் அவையிலிருந்த ஒரு பிரபுவுக்கு 4000 ஆப்பிரிக்க அடிமைகளைத் தீவுகளுக்கு அனுப்பும் உரிமம் வழங்கினார். பிரபு அதை ஜெனோவா வணிகர்களுக்கு விற்றுப் பணமாக்கிக்கொண்டார். ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தைத் தொடங்கியவர் லாஸ் காசாஸ் என்பது பொய். அவர் எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கறுப்பு அடிமைகள் அந்தத் தீவிலே இறக்கப்பட்டிருந்தனர். ஆனால் தடுத்தவரா என்றால், இல்லை, ஆலோசனை சொன்னவர். போர்த்துகீசியர் நியாயமான போரிலே பிடித்தவர்களைத்தான் விற்கிறார்கள் என்று நம்பினார். நம்ப வசதியாக இருந்தது, விசாரிக்கவில்லை. ஒரு தீவின் மக்களைப் பார்த்துத் திறந்த கண், ஒரு கண்டத்தின் மக்களைப் பார்த்துத் திறக்கவில்லை.

1521-இல், தென் அமெரிக்கக் கரையிலே குமானா என்ற இடத்திலே, வாளேந்தாத குடியேற்றம் ஒன்றை அமைக்க முயன்றார். அடிமை பிடிக்கும் கூட்டத்தார் அக்கம்பக்கத்திலே செய்த அட்டூழியத்தால் கொதித்திருந்த இந்தியர்கள் அதைத் தாக்கி அழித்தனர். அவர் ஊரிலில்லாத நேரம். அவரைச் சேர்ந்தவர்கள் சிலர் மாண்டனர். பணத்தாசை பிடித்தவர்களோடு பங்கு சேர்ந்து புண்ணியம் தேடியதற்குக் கிடைத்த தண்டனை என்று அவர் எண்ணினார். 1522-இல், தமக்குப் பாவமன்னிப்பு தர மறுத்த அதே சாமிநாதர் சபையிலே சேர்ந்தார். ஆண்டுக்கணக்கிலே மடத்துக்குள்ளே படிப்பு, எழுத்து. 1527-இல் தீவுகளின் வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

மறுபடி வெளியே வந்தபோது குரல் முன்னிலும் கூர்மையாகியிருந்தது. 1542 நவம்பரிலே சார்லஸ் மன்னர் புதுச் சட்டங்களைப் பிறப்பித்தார். இனி எந்தக் காரணத்துக்கும் இந்தியரை அடிமையாக்கக் கூடாது. ஒப்படைப்பு தந்தைக்குப் பின் மகனுக்குப் போகாது. லாஸ் காசாசின் பல்லாண்டு முயற்சி அதிலே இருந்தது. சட்டம் போட்டாகிவிட்டது, நிறைவேற்றுபவர் யார்? மெக்சிகோவின் தெற்கே சியாபாஸ் என்ற பகுதிக்கு அவரையே மேற்றிராணியாராக நியமித்தனர். அறுபது வயதிலே, 1545-இன் தொடக்கத்திலே, அங்கே போய்ச் சேர்ந்தார். படை கிடையாது, சிறை கிடையாது. ஓர் ஆயுதம் மட்டும் இருந்தது; ஒரு காலத்திலே அவர்மேல் பாய்ந்த ஆயுதம். அடிமைகளை விடாதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று ஆணையிட்டார்.

தபசுகாலம் அது. பாவமன்னிப்பின்றிப் பாஸ்கு கொண்டாடுவதா என்று ஊர் கொந்தளித்தது. அவருக்குக் கீழிருந்த குரு ஒருவரே ஆணையை மீறினார். ஆயுதங்களோடு கூட்டம் அவருடைய வீட்டுக்குள்ளே புகுந்தது. இந்தச் சட்டங்களுக்கு எதிராகப் பெரு நாட்டிலே குடியேறிகள் கலகம் செய்து, 1546-இல் மன்னரின் பிரதிநிதியையே கொன்றுபோட்டனர். அதற்கு முன்பே, 1545 அக்டோபரிலே, வாரிசுரிமையைத் தடுத்த முக்கியமான பிரிவை மன்னர் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார். மன்னர் பின்வாங்கினார், மேற்றிராணியார் பின்வாங்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கென்று விதிகள் எழுதினார். சாகக் கிடக்கும் ஸ்பானியன் மன்னிப்புக் கேட்டால், முதலில் எழுத்தரை அழைத்து, அடிமைகளை விடுவித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கவேண்டும், பிறகுதான் மன்னிப்பு. கண்ணீர் போதாது, கையெழுத்து வேண்டும்! அந்த விதிகளின் பிரதிகளைத் திரட்டிப் பறிமுதல் செய்யும்படி 1548-இல் அரசாணை பிறந்தது.

1547-இல் ஸ்பெயின் திரும்பியவர் பிறகு கடல் தாண்டவில்லை. 1550-இல் வல்லதோலித் நகரிலே அறிஞர் சபை கூடியது. இந்தியர்கள் மீது போர் தொடுத்து அடக்குவது நியாயமா என்று ஆராய்வதற்கு. புதிய படையெடுப்புகளை அதுவரை நிறுத்தி வைத்திருந்தார் மன்னர். வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருக்கும் ஓர் அரசு, தன் வெற்றி நியாயம்தானா என்று வாளை நிறுத்திவிட்டு விவாதித்தது உலக வரலாற்றிலே அரிது. அதையும் சொல்லத்தான் வேண்டும். செபுல்வேதா என்ற பேரறிஞர், சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையைத் துணைக்கு அழைத்து மூன்று மணி நேரம் வாதாடினார். அவர் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. லாஸ் காசாஸ் தாம் எழுதிவந்ததை ஐந்து நாள் படித்தார். மனித இனம் ஒன்றே, பகுத்தறிவும் சுதந்திரமும் எல்லோருக்கும் உரியவை என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டும் சபை கூடியது. தெளிவான தீர்ப்பு எதுவும் வரவில்லை. செபுல்வேதாவின் நூலை ஸ்பெயினிலே அச்சிட அனுமதி கிடைக்கவில்லை என்பது ஒன்றே கண்ட பலன்.

1552-இல் லாஸ் காசாஸ் அச்சிட்ட சிறு நூல், தீவுகளின் அழிவைப் பற்றியது, ஐரோப்பா முழுவதும் பரவியது. அதிலே அவர் சொல்லும் தொகைகள் மிகை என்று பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அவருக்கு ஆத்திரத்திலே எண் பெருகும். ஆனால் தொகையைக் குறைத்துப் போட்டாலும் கயோனாவோ மைதானம் காலியாகிவிடாது. ஸ்பெயினின் பகைவரான டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த நூலை ஆவலோடு மொழிபெயர்த்தனர். ஸ்பானியனின் கொடுமையைப் பாரீர் என்று ஆங்கிலத்திலே அது வெளிவந்தது 1583-இல். ஆங்கிலேயனின் கப்பல் ஆப்பிரிக்கக் கரையிலே அடிமை பிடித்து அதே தீவுகளிலே விற்கத் தொடங்கியது அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே!

கறுப்பரைப் பற்றிய தவறை அவர் என்று உணர்ந்தார்? போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிலே மனித வேட்டை ஆடிய விதத்தை அவர்களுடைய வரலாற்று நூல்களிலேயே பின்னாளில் படித்தபோது. நியாயமான போர் என்று தாம் நம்பியது பொய் என்று கண்டார். எவரும் கேட்கவில்லை, எவரும் குற்றஞ்சாட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரலாற்றிலே தாமே தம்மைக் கூண்டிலேற்றினார். கறுப்பரை அடிமையாக்குவதும் இந்தியரை அடிமையாக்குவதைப் போன்ற அதே அநீதி என்று எழுதினார். தெரியாமல் செய்தேன், நல்லெண்ணத்தாலே செய்தேன் என்பது ஆண்டவனின் நியாயசபையிலே தமக்கு மன்னிப்பாகுமா என்று தமக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினார். ஊராருக்கெல்லாம் பாவமன்னிப்பை மறுத்தவர், தமக்கும் அதைத் தாராளமாக வழங்கிக்கொள்ளவில்லை.

1566 ஜூலை 18-ஆம் நாள், மத்ரீத் நகரிலே, அதோச்சா மடத்திலே இறந்தார். கைப்பிரதியாக இருந்த அந்தப் பெரிய வரலாற்றை வல்லதோலித் மடத்தாரிடம் ஒப்படைத்து, 40 ஆண்டுகளுக்கு வெளியிடவேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கழிந்தன, நூறு கழிந்தன, முந்நூறும் கழிந்தன. 1875-இல்தான் அது அச்சாகத் தொடங்கியது. அப்போதும் கியூபாத் தீவு ஸ்பெயினின் கையிலேயே இருந்தது. அவர் தம் ஆட்களை விட்ட அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களிலே ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு விடுதலை கிடைக்க இன்னும் பதினொரு ஆண்டுகள் இருந்தன.